எம்.ஏ. இசைக்குச் சென்னையா?

“பக்கத்துலயே யுபிஎம் இருக்கே, எதுக்கும்மா சென்னை?” அத்தை கேட்டது நியாயம்தான். மலேசியாவில் நாங்கள் இருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து செர்டாங்கில் உள்ள யுபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கூப்பிடு தூரம். இசைத்துறை, முதுகலை எல்லாம் அங்கேயே உண்டு. ஆனால் நான் பாடுவது கர்நாடகம். செர்டாங்கில் கேடிஎம் ரயில் ஏறிப் போய், பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் கற்ற வர்ணம்தான் கையில் இருக்கும் முதல்.

அத்தைக்கு இசையியலாளர் பி. சாம்பமூர்த்தி கதையைச் சொன்னேன். 1931-இல் மனுஷர் சென்னையிலிருந்து மியூனிக் போய் மேற்கத்திய இசையும் ஒப்பியல் இசையியலும் படித்தார். திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசையைப் பாடமாக வளர்த்தெடுத்தார். தென்னிந்திய இசை பற்றி அவர் எழுதிய ஆறு தொகுதிகளை இன்றும் இசை மாணவர்கள் புரட்டுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத்தான் விண்ணப்பம் போடுகிறேன். மேடைக் கச்சேரிக்கு குருவே போதும். எனக்கு லட்சணமும் வரலாறும் ஆய்வும் வேண்டும்.

“சரி, அந்தப் பட்டம் இங்க செல்லுமா?” என்றார் அத்தை. அரசாங்க வேலை என்றால் அங்கீகாரத்தை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும், அதையும் பார்க்கிறேன்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் அறை வாடகை தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாங்க. கொஞ்சம் பெரிய அறையாகவே சொல்லுங்கள். மார்கழிக்கு வந்து தங்குவதாக அத்தை இப்போதே துண்டு போட்டுவிட்டார்.