நெய்யை நிறுத்தாத சர்க்கரை

என் மகளுக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்'. சளி பசையாய்க் கெட்டிப்பட்டு நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் பரம்பரை நோய். கணையம் பழுதாகி, போன வருஷம் சர்க்கரையும் வந்தது.

"இனிமே நெய், உருளைக்கிழங்கு கூடாது!" என்றார் நாத்தனார். டாக்டரோ, "சாப்பாட்டைக் குறைக்காதீங்கம்மா, எடை இறங்கினா நுரையீரலும் தளர்ந்துடும். இன்சுலினைத்தான் கூட்டணும்" என்றார். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரைக்கு நேர் எதிர்!

ஆறு வேளை சாப்பிடுகிறவளுக்கு வேளைக்கொரு ஊசி என்றால் பசியா எடுக்கும்? இப்போது இடுப்பில் செல்போனைவிடச் சின்னதாக ஒரு பம்ப். மெல்லிய குழாய் வழியே நாள் முழுக்கத் துளித்துளியாக இன்சுலின் இறங்கும். சாப்பிடும்போது பட்டனை அழுத்தினால் கூடுதலாக. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை குழாயை மாற்றணும். அது மடங்கினால் சில மணி நேரத்தில் சர்க்கரை எகிறிவிடும் என்பதால் ஊசியும் கைவசம் உண்டு. பம்புக்காக என் வளையல்கள் போயின, போகட்டும்.

மூன்று கிலோ ஏறியிருக்கிறாள். நாத்தனார்தான் இன்னும் நெய்க்கிண்ணத்தையே முறைக்கிறார்.