நீடிக்க வேண்டியது எது?

முப்பது ஆண்டுகள் சிகரெட்டோடு வாழ்ந்தோம் நாம். லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்த நாளொன்றில், பேத்தியை அள்ளியெடுத்தோம். குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் திருப்பிற்று. அன்றிரவு மகன், “வாப்பா, ஒரேயடியாக விட முடியாவிட்டால் மின்சிகரெட்டுக்காவது மாறுங்களேன்” என்றான். தீங்கற்றது அன்று, புகையினும் தீங்கு குறைந்தது என்பதே அந்நாட்டு மருத்துவத் துறையின் கருத்து.

முதலில் வாங்கியவை இரண்டொரு நாளில் தீர்ந்து, குப்பைக்குச் சென்றவை. அவற்றுள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றுவதுண்டு. 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனையைப் பிரிட்டன் தடை செய்தது. அதன் பின்னரே நிலைத்து உழைக்கும் கருவியைத் தேடினோம்.

பளபளப்பில் மயங்கவில்லை. உலோக உடல், மீண்டும் நிரப்பத்தக்க 2 மில்லி தொட்டி, தனியே மாற்றத்தக்க காயில், கழற்றத்தக்க பேட்டரி. இவை நான்கும் இருந்தால் ஒன்று பழுதுற்றாலும் முழுவதையும் எறிய வேண்டியதில்லை.

பேணுதலை நாம் கற்றது பிழைகளால்தான். காயிலைச் சுற்றிய பஞ்சில் திரவம் ஊறிய பின்னரே சூடேற்ற வேண்டும். ஐந்து நிமிடம் பொறுக்காமல் இழுத்தோம். பஞ்சு கருகித் தொண்டை எரிந்தது. மாற்றுப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் இட்டோம், பை சுட்டது! உலோகம் இரு முனைகளையும் இணைத்தால் தீயே மூளும் என்றறிந்து, அன்று முதல் பிளாஸ்டிக் உறையிலிட்டோம். மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்துவதில்லை, உறங்கும்போது மின்னேற்றுவதில்லை. வாரந்தோறும் தொட்டியை வெந்நீரில் கழுவி உலர்த்தினோம். நிக்கோட்டின் திரவம் நஞ்சாதலால், பேத்தியின் கைக்கெட்டாமல் அலமாரியில் பூட்டி வைத்தோம்.

திரவத்தின் வீரியத்தையும் படிப்படியாகக் குறைத்தோம். மில்லிக்கு 18 மில்லிகிராமில் தொடங்கியது 12 ஆகி, 6 ஆயிற்று.

அப்போது ஊருக்குப் புறப்பட நேர்ந்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை அனைத்தையும் தடுக்கிறது. கருவியைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சென்றோம்.

மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் பழைய நண்பர் சிகரெட்டை நீட்டினார். கை நீண்டது, பேத்தி முகம் திருப்பியது நினைவில் எழ, கை மடங்கிற்று. நாற்பது நாட்களும் அப்படியே கழிந்தன.

முழு வெற்றியென்று சொல்லோம். திரும்பி வந்ததும் இழுப்பறையைத் திறந்தோம். 3 மில்லிகிராம் திரவத்தை நிரப்பினோம். ஆயினும் சிகரெட்டைத் தொடவில்லை. பேத்தி இப்போது மடியில் அமர்கிறாள்.

புகைத்தறியாத இளைஞர்கள் இக்கருவியை நாடவே வேண்டாம். நம்மைப் போல் சிக்கியவர்கள் நெடுநாள் உழைக்கும் கருவியைத் தேர்ந்து பேணட்டும்; ஆனால் பழக்கம் அதற்கு முன்பே தீர்ந்துவிட வேண்டும்.