அதிரும் ரேசரும் ஒரு கேட்டலாக்கும்

சிங்கப்பூரில் ஒரு பொருளின் வடிவமைப்பைப் பதிவுசெய்வது பெரிய காரியமில்லை. படிவம், கட்டணம், படங்கள் மூன்றும் ஒழுங்காக இருந்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அந்த வடிவம் உண்மையிலேயே புதியதுதானா என்று பதிவு அலுவலகம் தோண்டிப் பார்ப்பதில்லை. புதியதல்ல என்று காட்டும் பாரத்தைச் சட்டம் எதிராளியின் தலையில் வைத்திருக்கிறது. இது தெரியாமல், சான்றிதழின் நகலைப் பார்த்த மாத்திரத்தில் சரக்கையும் கொடுத்து, நஷ்டஈட்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த வியாபாரிகளை எனக்குத் தெரியும்.

2006இல் என்னிடம் வந்த பாய் அந்த ரகம் இல்லை. பெயர் வேண்டாம். பூர்வீகம் கடையநல்லூர், அத்தா காலத்திலிருந்து இங்கேதான். டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் மொத்த வியாபாரம். டார்ச் லைட், குடை, நகவெட்டி, பிளேடு, அலாரம் கடிகாரம் என்று ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் தொழிலாளர்கள் ஊருக்குப் பெட்டி கட்டும்போது வாங்கிப்போகும் சாமான்கள். லாயர் லெட்டரை மேஜைமேல் போட்டுவிட்டுக் கேட்டார்: “லாயர் தம்பி, சைனாக்காரன் செஞ்ச சாமானை நானும் வாங்குறேன், அவனும் வாங்குறான். எப்ப இருந்து அது அவன் சொத்தாச்சு?”

வழக்கு மொத்தமும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது. ஆனால் சட்டத்தில் கேள்வி போதாது, தேதி வேண்டும்.

சாமான் என்னவென்றால், பேட்டரியில் அதிரும் சவர ரேசர். 2004இல் ஜில்லெட் கம்பெனி ‘எம் த்ரீ பவர்’ என்ற ரேசரைக் கொண்டுவந்தது. கைப்பிடிக்குள் ஒரு டிரிபிள் ஏ பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், மோட்டாரின் அச்சில் ஒருபக்கமாகக் கனத்த ஒரு எடை. எடை சுற்றும்போது கைப்பிடி முழுக்க நடுங்கும், கைப்பேசி அதிர்வதும் இதே முறையில்தான். அது ஓடுகிறது என்று தெரிந்ததும் விலை மலிவான அதிரும் ரேசர்கள் வேறு வேறு பெயர்களில் புறப்பட்டன. பாய் இறக்கியது அவற்றில் ஒன்று. ஜில்லெட்டின் ஜாடை அதில் இல்லை, அந்தத் தொல்லையும் வரவில்லை. லெட்டர் அனுப்பியது இதே ஊரில் இதே வியாபாரம் செய்யும் இன்னொரு கம்பெனி. வடிவமைப்பைத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டு, ஏழு நாளில் விற்பனையை நிறுத்து, கையிருப்பை ஒப்படை, யாரிடம் வாங்கினாய் என்று சொல், நஷ்டஈடு கொடு என்று எழுதியிருந்தார்கள்.

பாய்க்கு மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. பஃபலோ ரோட்டிலும் சையது ஆல்வி ரோட்டிலும் அவரிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் நகல் போயிருந்தது. கடைக்காரர்கள் பெட்டியைத் திருப்பியனுப்பத் தொடங்கினார்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம் என்று பதிவுபெற்ற வடிவமைப்புச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி முதல் பதில் அனுப்பினேன். கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த கடிதங்கள் அதோடு நின்றன.

பிறகு ரேசரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்குமுன் அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அதிர்வு முடியை மேலே தூக்கி நிறுத்துகிறது, அப்புறம் பிளேடு வெட்டுகிறது என்று அம்புக்குறியோடு படம் போட்டிருந்தார்கள். ஜில்லெட் விளம்பரத்தைப் பார்த்து வரைந்தது. அந்த விளம்பரத்தை எதிர்த்துத்தான் போட்டி ரேசர் கம்பெனியான ஷிக் தரப்பு அமெரிக்காவில் வழக்குப் போட்டது. முடி எழும்பி நீள்வதாகக் காட்டும் அந்தப் படம் உண்மைக்கு மாறானது என்று 2005 மே மாதக் கடைசியில் கனெக்டிகட்டில் நீதிபதி ஜேனட் ஹால் இடைக்காலத் தடை விதித்தார். இங்கேயோ நியாயமான வாணிபத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 2004 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. “பாய், கேஸ் ஜெயிச்சாலும் இந்தப் படத்தோட விக்காதீங்க” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி அடிக்கப் பணம் கொடுத்தாயிற்றே. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

இனி ரேசர். ஒரு டிரிபிள் ஏ பேட்டரியின் குறுக்களவு பத்தரை மில்லிமீட்டர், நீளம் நாற்பத்துநான்கரை. அதைச் சுமக்கும் கைப்பிடி அதைவிடத் தடித்துத்தான் இருக்கும். பேட்டரி மாற்ற அடியில் திருகுமூடி வேண்டும், கட்டைவிரல் எட்டும் இடத்தில் சுவிட்ச் வேண்டும், கன்னத்தில் தட்டையாகப் படிய, தலை குறுக்காக நிற்க வேண்டும். இதில் எதையும் அழகுக்காகச் செய்யவில்லை. செயலுக்காக மட்டுமே அமைந்த அம்சங்களுக்கு வடிவமைப்புப் பாதுகாப்பு கிடையாது என்று சட்டம் சொல்கிறது. எதிர்த்தரப்பு லாயர் இதற்கு வழக்கமான வாதத்தை எடுத்தார்: அதிரும் ரேசரை எத்தனையோ வடிவங்களில் செய்யலாமே, அப்படியிருக்க எங்கள் வடிவம் எப்படிச் செயலுக்காக மட்டுமே அமைந்ததாகும்?

நல்ல வாதம்தான், ஆனால் பழசு. சலவை இயந்திரத்துக்குள் போகும் மின்முனை ஒன்றைப் பற்றிய ‘ஆம்ப் எதிர் யூட்டிலக்ஸ்’ வழக்கில், 1970களின் தொடக்கத்திலேயே லண்டன் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. வேறு வடிவங்கள் இருக்கலாம், ஆனால் செய்தவன் மனத்தில் வேலை ஒன்றே இருந்து, பார்வைக்கு என்று எதுவும் சேர்க்காவிட்டால், அந்த வடிவம் செயல் இட்ட கட்டளைதான் என்றார்கள். 2000 நவம்பரில் நமக்கென்று சொந்தச் சட்டம் வரும்வரை பிரிட்டனில் பதிவான வடிவமைப்புக்கே இங்கே பாதுகாப்பு இருந்தது, ஆகவே அந்தத் தீர்ப்பு நமக்கு அந்நியமில்லை.

ரேசரிலேயே பெரிய தீர்ப்பு ஒன்று உண்டு. அது வணிகச்சின்ன வழக்கு, நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நான் அதைக் கையோடு வைத்திருந்தேன். பிலிப்ஸ் கம்பெனி 1966இல் மூன்று வட்டத் தலைகள் கொண்ட மின்சவரக் கருவியை உருவாக்கியது. 1985இல், சமபக்க முக்கோணமாக நிற்கும் அந்த மூன்று வட்டங்களின் படத்தை பிரிட்டனில் வணிகச்சின்னமாகப் பதிய விண்ணப்பித்து, பெற்றும்விட்டது. காப்புரிமை ஒருநாள் முடிந்துபோகும், வணிகச்சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதுதான் கணக்கு. 1995இல் ரெமிங்டன் ‘டிடி 55’ என்று மூன்று தலைக் கருவியை இறக்கியது. பிலிப்ஸ் வழக்குப் போட்டது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேக்கப்பிடம் தொடங்கி, மேல்முறையீடாகி, லக்சம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 2002 ஜூன் 18 அன்று வந்த பதில்: ஒரு தொழில்நுட்பப் பயனுக்காக வந்த வடிவத்தின் முக்கிய அம்சங்களை யாரும் சின்னமாகச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, அதே பயனை வேறு வடிவத்தாலும் அடையலாம் என்று காட்டினாலும் முடியாது. அதே வடிவத்துக்காக பிலிப்ஸ் கனடாவிலும் தோற்றது, ஆஸ்திரேலியாவிலும் தோற்றது. சுவீடனில் ஒரு கீழ் நீதிமன்றம் மட்டும் அதற்குச் சாதகமாகச் சொல்லியிருந்தது. எதிர்த்தரப்பு அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டது. பிற்பாடு கிட்கேட் சாக்லேட்டின் விரல் வடிவத்துக்காக நம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நெஸ்லே 2016இல் தோற்றதும் ஏறக்குறைய இதே பாதையில்தான்.

செயலுக்கானவற்றைக் கழித்தபின் அந்த ரேசரில் மிஞ்சியது இரண்டுதான். கழுத்தில் ஒரு வெள்ளிநிற வளையம், கைப்பிடியில் அலை அலையாக ஓடும் ரப்பர் வரி. அவர்களுடைய வடிவமைப்பு என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவே.

இந்த இடத்தில் பாய் ஒரு காரியம் செய்தார். சுங்கை ரோடு திருட்டு மார்க்கெட்டில் பழஞ்சாமான் விற்கும் ஒருவரைத் தெரியும் என்று போய், துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். (அந்த மார்க்கெட் இப்போது இல்லை, 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.) துணியை விரித்தால், கறுப்பு பேக்கலைட் கைப்பிடி, நூல் பின்னிய மின்கம்பி, தட்டையான இரண்டு முள் பிளக், முனையில் இருபக்க பிளேடு பூட்டும் தலை. 1930களில் அமெரிக்காவில் ‘வைப்ரோ ஷேவ்’ போன்ற பெயர்களில் விற்ற மின்சார ரேசர் வகை. ஜேக்கப் ஷிக் 1931இல் சந்தைக்குக் கொண்டுவந்த உலர் சவரக் கருவி சோப்பு, தண்ணீர் இரண்டையும் ஒழிக்கப் பார்த்தது. இந்த வகைக்கு அந்த ஆசை இல்லை. வழக்கமான பிளேடு, வழக்கமான நுரை, கூடவே ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

நடுக்கத்துக்கு அவர்கள் மோட்டார் வைக்கவில்லை. கைப்பிடிக்குள் செம்புக்கம்பிச் சுருள், அதன் எதிரே வில்லில் தொங்கும் ஓர் இரும்புத் துண்டு. மாறுமின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம் தொடும், இருமுறையும் காந்தம் இரும்பை இழுக்கும். அமெரிக்காவின் அறுபது ஹெர்ட்ஸில் வினாடிக்கு நூற்றிருபது துடிப்பு. சுருள் உள்ளே இருப்பதால் கைப்பிடி தடிமன். ஈரமுகத்தில், நுரை வழியும் கையில், சுவர் மின்சாரத்தோடு பிளேடு பிடித்து நின்றவர்களின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். பாய் பிளக்கில் செருகிப் பார்க்கலாமா என்றார். 110 வோல்ட் சாமானை நம்முடைய 230 வோல்ட்டில் போட்டால் சாட்சி புகைந்துவிடும் என்று தடுத்தேன்.

எனக்கு அந்த ரேசர்மேல் மோகமே வந்துவிட்டது. தடித்த பிடி, குறுக்குத் தலை, கட்டைவிரல் சுவிட்ச் மூன்றும் எழுபது வருஷத்துக்கு முன்பே இந்தத் தொழிலில் பொதுச்சொத்து என்று அது காட்டியது. சமரசப் பேச்சுக்கு எதிர்த்தரப்பு ஆபீஸ் போனபோது அதை மேஜையில் வைத்தேன். அவர்கள் கம்பெனி டைரக்டரும் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் அதில் வெள்ளி வளையம் இல்லை, அலைவரியும் இல்லை. அடியில் தேதியும் கிடையாது, காப்புரிமை விண்ணப்பத்தில் உள்ளது என்ற எழுத்துதான் இருந்தது. எதிர்த்தரப்பு லாயர் அதைச் சொன்னபோது மறுக்க எனக்கு ஒன்றுமில்லை.

வேலையை முடித்தது ஒரு கேட்டலாக். அழகென்று எதுவும் இல்லாத, ஸ்டேப்ளர் அடித்த பளபளப்புத் தாள்கள். குவாங்தோங் தொழிற்சாலை, 2005 வசந்தகாலக் குவாங்சோ வணிகக் கண்காட்சியில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. பாய் அங்கே போய்த்தான் முதல் ஆர்டர் கொடுத்திருந்தார். கேட்டலாக்கை ஒரு ஷூ பெட்டியில், ஹோட்டல் பில்லோடும் நுழைவு அட்டையோடும் போட்டு வைத்திருந்தார். “எதையும் தூக்கிப் போடாதேன்னு அத்தா சொல்வாக” என்றார். நடுப்பக்கத்தில் அந்த ரேசர், அந்த வளையம், அந்த அலைவரி, கீழே மாடல் எண். எதிராளி சிங்கப்பூரில் விண்ணப்பித்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து. உலகில் எங்கே முன்பே வெளியாகியிருந்தாலும் வடிவமைப்பு புதியதாகாது. தொழிற்சாலை எழுத்து மூலமாக இன்னொன்றையும் உறுதிசெய்தது: வடிவம் வரைந்தது தங்கள் ஆட்கள், யாருக்கும் உரிமையை எழுதிக்கொடுக்கவில்லை. ஆக, பதிவுசெய்தவருக்குச் சொந்தம் கொண்டாடும் யோக்கியதையே இல்லை.

கண்காட்சியில் காட்டியது கணக்கில் வராது என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார்கள். அப்போதைய விதிவிலக்கு, சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற உலகக் கண்காட்சி போன்றவற்றுக்கு மட்டும்தான். சரக்கு ஆர்டர் எடுக்கும் சந்தை அதில் சேராது.

பதிவை ரத்துசெய்யக் கோரும் விண்ணப்பத்தையும் பாயின் அஃபிடவிட்டையும் தயார்செய்து, நகலை முன்கூட்டியே எதிர்த்தரப்புக்கு அனுப்பினேன். பிராஸ் பாசா சாலையில் இருந்த அறிவுசார் சொத்து அலுவலகத்தில் அதைத் தாக்கல்செய்ய வேண்டிய தேவை வரவில்லை. பதிவைத் தாங்களே ஒப்படைத்துவிடுகிறோம், அவரவர் செலவு அவரவருக்கு என்று கடிதம் வந்தது. செலவுத்தொகையையும் கேட்டு வாங்கு என்று பாய் பிடிவாதம் பிடித்தார். சில்லறைக் கடைகளுக்கு, முன்பு அனுப்பிய லெட்டரைத் திரும்பப் பெறுவதாக எதிராளியே எழுத வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்த பிறகுதான் சம்மதித்தார். அந்தக் கடிதங்கள் போயின, பெட்டிகள் கடைகளுக்குத் திரும்பின, அம்புக்குறிப் படத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி.

2017 அக்டோபர் 30 முதல் சட்டம் மாறியிருக்கிறது. வடிவமைத்தவர் தானே வெளியிட்டுவிட்டாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் புதுமை கெடாது. அந்தச் சலுகை வடிவமைத்தவருக்குத்தான். சந்தையில் பார்த்து வாங்கிவந்து தன் பெயரில் பதிந்துகொள்பவருக்கு இல்லை. லாயர் லெட்டர் வந்தால் சான்றிதழில் முதலில் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். பிறகு உங்கள் பழைய கேட்டலாக்குகளையும் இன்வாய்ஸ்களையும் எடுத்துக்கொண்டு லாயரிடம் போங்கள். அதுவரை எந்த உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.