ஹவுஸ் ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?

திருவண்ணாமலையில் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" இதற்கு ஒரு வார்த்தையில் பதில் இருக்க வேண்டும். பேங்க், ஸ்கூல், ரெவின்யூ, மிலிட்டரி... கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பதில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நீண்டால் போச்சு, காபி ஆறிவிடும்.

என் அக்கா பையனைப் பற்றிய பதில் ஒன்றரைப் பக்கம் வரும். பயல் ஹவுஸ் மியூசிக் டி.ஜே. புரொட்யூஸர் வேறு!

"புரொட்யூஸர்" என்றதும் ஒரு கல்யாணத் தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! எந்தப் படம் எடுக்கிறார்?"

"படமில்லீங்க. பாட்டு. கம்ப்யூட்டர்லயே செய்யறது."

தரகர் மறுபடி சாய்ந்துவிட்டார். கூட வந்த அவர் சம்சாரம் கேட்டதுதான் மேலே தலைப்பில் இருப்பது. "ஹவுஸ் மியூசிக்னா வீட்டுக்குள்ளயே வாசிக்கிறதா? ஹவுஸ் ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சிகாகோவிலிருந்து ஆரம்பிக்கிறது.

1977-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு டான்ஸ் கிளப் திறந்தார்கள். வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. அங்கே ரெகார்டு போடுவதற்கு நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் வந்தார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். வெளியே ஊர் அவர்களை ஒதுக்கியது; உள்ளே ராத்திரி முழுக்க ஆடினார்கள். அங்கே கேட்ட மாதிரி இசையை ரெகார்டு கடையில் போய், "வேர்ஹவுஸில் போடுவாங்களே, அது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாளடைவில் 'வேர்' உதிர்ந்து 'ஹவுஸ்' மட்டும் நின்றது. நம்மூர்ப் பெயர் பஸ் கண்டக்டர் வாயில் 'திர்ணாமலை' ஆகிறதில்லையா, அந்த மாதிரி.

அந்த நக்கிள்ஸுக்கு 1998-ல் கிராமி விருது கிடைத்தது. 2004-ல் அந்தக் கிளப் இருந்த தெருவின் ஒரு பகுதிக்கு சிகாகோ நகரம் அவர் பெயரையே வைத்தது. 2014-ல் காலமானார். ரெகார்டு போட்டவர் பெயரில் தெரு! தரகரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஹவுஸ் இசையின் அடிப்படை ரொம்ப சிம்பிள். தும்... தும்... தும்... தும்... ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு சமமான அடி. நிமிடத்துக்கு நூற்றிருபதிலிருந்து நூற்று முப்பது வரை. "என்னடா இது, ரைஸ் மில் மோட்டார் மாதிரி" என்றேன் முதல் தடவை கேட்டபோது. பயல் கோபப்படவில்லை.

"பௌர்ணமிக்கு கிரிவலம் போறவங்க காலைப் பாருங்க மாமா. வேகமா நடக்கிறவங்க நிமிஷத்துக்கு நூத்திப் பத்து, நூத்திருபது அடி வைக்கிறாங்க. பதினாலு கிலோமீட்டர் சோர்வு தெரியாம போறாங்கன்னா அந்த ஒரே சீரான நடைதான். ஹவுஸும் அதே நடைதான்."

அடுத்த பௌர்ணமிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அக்னி லிங்கம் வரைக்கும் சரியாக இருந்தது. அதற்கப்புறம் எனக்கு மூச்சு வாங்கியதால் கணக்கு தப்பிவிட்டது.

சரி, டி.ஜே.வுக்கு என்ன வேலை? யாரோ செய்த பாட்டைப் போடுவதற்கு ஓர் ஆளா? இதை அக்காவும் கேட்டாள். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததைக் காதில் மட்டும் கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதல் பாட்டின் அடியோடு சேர்த்து, ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், எதிரே ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து அடுத்தது எது என்று முடிவு செய்வது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டம் தூங்கி விழும்போது, கட்டியங்காரன் சரியான சமயத்தில் உள்ளே வந்து சிரிக்க வைப்பான் பாருங்கள்... அந்தச் சமயம் தெரிவதுதான் தொழில். புரொட்யூஸர் என்றால், அப்படிப் போடுவதற்கான பாட்டைத் தானே செய்கிறவர். அடி, பேஸ், மேலே ஒரு சின்ன மெட்டு. ஆறு நிமிஷப் பாட்டுக்கு என் அக்கா பையன் மூன்று வாரம் எடுத்துக்கொள்வான்.

எனக்கு இந்த ஒப்புமை சட்டென்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. எங்கப்பா கூத்துக்கு ஹார்மோனியம் வாசித்தவர். பகலில் நெல் மண்டியில் கணக்கு. ராத்திரி அர்ஜுனன் தபசு. விடியற்காலை கண் சிவக்க வந்து, குளித்துவிட்டு நேரே மண்டிக்குப் போவார்.

பேரனுக்கு அந்தப் பகல் வேலைதான் பிடிக்கவில்லை. இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் இரண்டு வருஷம் கம்பெனியில் இருந்து, ராஜினாமா செய்துவிட்டு வந்து மாடி ரூமில் உட்கார்ந்துகொண்டான். சுவர் முழுக்க முட்டை அட்டை. (சத்தம் வெளியே போகாமல் இருக்கவாம். போயிற்று.) மாதம் ஒன்றோ இரண்டோ புரோகிராம், சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூர். பஸ் சார்ஜ் போக மிச்சம் சொல்லும்படி இல்லை. ஓர் இடத்தில் மூன்று மாசமாகப் பாக்கி. கேட்டால், "எக்ஸ்போஷர் கிடைச்சுதே தம்பி" என்றார்களாம். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அது எந்தக் கடையில மாத்தறதுடா?" என்றாள்.

இந்த நிலைமையில் ஒரு கம்பெனியிலிருந்து, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி ஆர்டர் வந்தது. அதே வாரம் உள்ளூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு டி.ஜே.வாகக் கூப்பிட்டார்கள். பயல் இரண்டையும் தொடவில்லை.

அக்கா போன் செய்தாள். "தம்பி, நீதான் வந்து சொல்லணும். நான் சொன்னா அழறேன்னு நினைக்கிறான்."

போனேன். மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்களாமே மாப்ளே?"

"ரிசப்ஷன்ல குத்துப் பாட்டு போடவா மாமா இத்தனை வருஷம் கத்துக்கிட்டேன்? இதைக் கேளுங்க. 1982-ல நம்ம நாட்டுல செஞ்சது. இது மாதிரி ஒண்ணு செஞ்சாப் போதும்" என்று ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினான்.

கேட்டேன். தும் தும் தும் தும். அதன் மேல் ஏதோ மிஷின் வழுக்கி வழுக்கிப் பாடுகிறது. அரை நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"டேய், இது கல்யாணிடா!"

"ஹிந்துஸ்தானில யமன் மாமா" என்றான், முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்து. ஹார்மோனியக்காரர் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?

அந்த ரெகார்டைச் செய்தவர் சரண்ஜித் சிங். பம்பாய்க்காரர். ஹிந்தி சினிமாப் பாட்டுகளில் பின்னணி வாத்தியம் வாசித்தவர், ஆர்.டி.பர்மன் போன்றவர்களுக்கெல்லாம் வாசித்திருக்கிறார். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி அப்போது புதிதாகக் கொண்டு வந்திருந்த மூன்று மிஷின்களை வாங்கினார். தாளத்துக்கு டி.ஆர்.808, பேஸுக்கு டி.பி.303, மெட்டுக்கு ஜூபிடர் 8. ஹிந்தி சினிமாவில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரம். தபேலாவை எடுத்துவிட்டு டிஸ்கோ அடியில் பத்து ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. வாசித்தார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து. நம் கணக்கில் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம். 1982-ல் ஹெச்.எம்.வி. வெளியிட்டது. யாரும் வாங்கவில்லை!

அந்த டி.பி.303 கதையும் கிட்டத்தட்ட இதேதான். தனியாகப் பிராக்டிஸ் செய்கிற கிடார்க்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த மிஷின் அது. நிஜ பேஸ் கிடார் மாதிரி இல்லை என்று விலை போகாமல், 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹாண்டில் சல்லிசாகக் கிடைத்ததை வாங்கிய சிகாகோ பையன்கள் மூன்று பேர், திருகக்கூடாத அளவுக்குத் திருகுகளைத் திருகி ஒரு வினோதமான சத்தத்தை வரவழைத்தார்கள். 'ஃபியூச்சர்' என்ற குழுவாக 1987-ல் அவர்கள் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற ரெகார்டிலிருந்துதான் 'ஆசிட் ஹவுஸ்' என்ற பெயரே கிளம்பியது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, சிகாகோவைப் பற்றி ஒன்றும் தெரியாத பம்பாய் மனிதர் அதே மிஷினில் அதே மாதிரி வழுக்கியிருக்கிறார்.

2002-ல் ஹாலந்துக்காரர் எடோ பௌமன் டெல்லியில் பழைய ரெகார்டு தேடும்போது இது கையில் கிடைத்தது. பிறகு பம்பாயில் சிங்கையே தேடிப் பிடித்து, 2010-ல் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்களில் சிலர் நம்பவே இல்லை. யாரோ இப்போது செய்துவிட்டு 1982 என்று போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றார்கள்! அதற்கப்புறம், எழுபதை ஒட்டிய வயதில், அந்த மனிதர் ஐரோப்பாவுக்குப் போய், பேரன் வயசுப் பிள்ளைகள் முன்னால் அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் காலமானார்.

இவ்வளவும் பயலுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"1982-க்கும் 2010-க்கும் நடுவுல இருபத்தெட்டு வருஷம் அவர் என்னடா சாப்பிட்டார்?"

பதிலில்லை. தேடிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்து ரெகார்டு போட்டிருக்கிறார். அப்புறம், மனைவி சுபர்ணாவோடு சேர்ந்து கல்யாணங்களுக்கு வாசித்திருக்கிறார்.

"கல்யாணத்துக்கு" என்றேன் இன்னொரு தடவை.

பயல் ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இருபத்தாறு வயசுப் பையனுக்கு அறிவுரை சொல்வது, ஹெட்போன் போட்டிருப்பவனிடம் பேசுவது மாதிரி. அவன் தாத்தா மண்டிக்கும் கூத்துக்கும் போனதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு இறங்கி வந்தேன்.

சனிக்கிழமை ரிசப்ஷனுக்குப் போனான். நானும் போனேன், மொய்க் கவரோடு. மண்டபத்தை ஒட்டிய திறந்தவெளியில் மேடை. முதல் ஒரு மணி நேரம் கேட்டதெல்லாம் போட்டான். மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டை பட்டனைக் கழற்றி ஆடினார்கள். ஒன்பதரை மணிக்கு மெதுவாக வேகத்தை மாற்றினான். தும் தும் தும் தும்... மேலே ஹிந்தோளம் மிதந்து வந்தது. ஆடியவர்கள் நிறுத்தவில்லை. பந்தி முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெரியவரைக் காட்டினேன்.

சரியாகப் பத்து மணிக்குச் சத்தம் நின்றது. திறந்தவெளியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. உலகத்தில் டி.ஜே.க்களுக்கு வேலை ஆரம்பிக்கிற நேரத்தில் நம் பயலுக்கு வேலை முடிந்துவிடுகிறது. தொண்ணூறு நிமிஷத்துக்கு, பெங்களூரில் மூன்று ராத்திரிக்குக் கிடைத்ததைவிட அதிகப் பணம். அட்வான்ஸ் முன்னாலேயே வாங்கியிருந்தான்.

இந்தத் தொழில் மேல் ஆசை உள்ள ஆபீஸ் நண்பர்களுக்கு அவனிடம் கற்ற இரண்டு விஷயம். ஒன்று, அட்வான்ஸ் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். இரண்டு, காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். பயல் இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறான்.

திங்கட்கிழமை கம்பெனியில் சேர்ந்தான். அக்கா திருப்பதிக்கு முடிந்து வைத்த காசை எடுத்துத் தனியாக வைத்தாள். வார நாளில் ஆபீஸ், சனிக்கிழமை யார் வீட்டுக் கல்யாணமாவது, மற்ற ராத்திரிகளில் மாடி ரூம். ஆறு மாசம் ஆகிறது. கண் சிவந்துதான் இருக்கிறது. எங்கப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

போன மாசம் சொந்தமாக ஒரு பாட்டு வெளியிட்டான். அதில் வரும் ஹார்மோனியம் எங்கப்பாவுடையது. பரணிலிருந்து இறக்கி, துடைத்து, துருத்திக்கு ஒட்டுப் போட்டு வாசித்திருக்கிறான். ஒரு கட்டை எழும்பவே இல்லையாம். அந்த ஸ்வரம் இல்லாத ராகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டானாம்.

இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்கப்பட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. யார் யார் கேட்டார்கள் என்று அது சொல்வதில்லை. ஆனால் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அக்கா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், முன்னூறாவது அவள் கணக்கில் வரும் என்று தோன்றுகிறது.