பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பழுதுபார்ப்பவர்களைத் தேடி வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டும். தரைத்தளம் முழுக்க விற்பனைதான்: கேபிள், அடாப்டர், சிசிடிவி கேமரா, எல்இடி பட்டைகள். கைவேலை நடப்பது மாடிகளில். ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. எதிரே யாராவது இறங்கினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். ரேடியோ காலத்திலிருந்தே உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு இது. பக்கத்திலுள்ள மீரான் சாகிப் தெருவில் ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் நிறைந்திருந்தன. இன்று நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்து எல்லாம் ஒரே மின்னணுச் சந்தையாகிவிட்டது.

நான் போய் உட்கார்ந்திருந்தது இரண்டாவது மாடியில், பத்துக்குப் பத்து அறையில். கடைக்காரரை எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிடுகிறார்கள். அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் இரண்டு பையன்கள். மேசை மேல் மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், டிசி பவர் சப்ளை. மேசைக்கு அடியில் பழைய போர்டுகள் அடுக்கிய அட்டைப்பெட்டிகள்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாய், லேப்டாப் டெட்டாயிடுச்சு. சரி பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிடட்டுமா?" பாய் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லி நான் கேட்கவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று திருப்புளியை எடுக்கிறார்.

நாம் வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு வேறு. புதியது எவ்வளவு, ரிப்பேர் எவ்வளவு, பாதிக்கு மேல் போனால் வேண்டாம் என்று விலையை விலையோடு ஒப்பிடுகிறோம். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிறகு, இந்தக் கணக்கைப் போடுவதற்கான எண்ணே நம் கையில் இல்லை என்பது எனக்கு உறுதியானது. எது செத்தது என்று தெரியாமல் எது லாபம் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே எரியாத கறுப்புத் திரைக்குப் பின்னால் 10 ரூபாய்ப் பழுதும் இருக்கலாம், இனி எழுப்பவே முடியாத பிராசசரும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் வந்தது ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப். அடி மூடியைக் கழற்றியதும் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். பவர் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தார். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தகடுகளைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். லேப்டாப் எழுந்துகொண்டது. கடலோர நகரத்தின் ஈரக்காற்றில் இந்தத் தகடுகளில் படியும் கறையே பல சாவுகளுக்குக் காரணம் என்றார். அந்தப் பெண், "இவ்ளோதானா அண்ணா?" என்று கேட்டாள். வெளியே ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்றப் பதினெட்டாயிரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்களாம்.

அடுத்ததற்குத்தான் பவர் சப்ளையை எடுத்தார். அடாப்டருக்குப் பதிலாக அதிலிருந்தே 19 வோல்ட் கொடுத்து, போர்டு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்ப்பது. அந்தச் சின்னத் திரையில் ஓடும் ஆம்பியர் எண்ணைக் கைதேர்ந்தவர்கள் நாடி போலப் படிக்கிறார்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் மின்சாரம் உள்ளேயே நுழையவில்லை. 0.02 அளவில் நின்றால் போர்டு விழித்தபடி பட்டனுக்குக் காத்திருக்கிறது. பட்டனை அழுத்தியதும் எண் ஏறி, ஓர் இடத்தில் நின்று, திரும்ப விழுந்தால் எழும் வழியில் ஏதோ ஒரு படியில் தடுக்கி விழுகிறது.

படி என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. லேப்டாப் எழுவதற்கு ஒரு வரிசை உண்டு. 19 வோல்ட் உள்ளே வந்ததும் 3.3, 5 வோல்ட் லைன்கள் பிறக்க வேண்டும். கீபோர்டு, ஃபேன், சார்ஜிங் எல்லாவற்றையும் கவனிக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் சிப் விழிக்க வேண்டும். பட்டனை அழுத்தியதை அது சிப்செட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு ராமுக்கு வோல்டேஜ், கடைசியாகப் பிராசசருக்கு. அதற்கும் பிறகுதான் பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளை படிக்கப்படும். எந்தப் படியில் நின்றது என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போவதுதான் இந்தத் தொழிலின் உயிர். சால்டரிங்கைப் பையன்கள் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். இதைக் கற்க வருஷங்கள் ஆகின்றன.

இந்த போர்டில் 19 வோல்ட் லைனே ஷார்ட். அந்த லைனில் கடுகளவு செராமிக் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. எது போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பாய் சப்ளையை ஒரு வோல்ட்டுக்குக் குறைத்து அந்த லைனுக்குக் கொடுத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலை பிரஷால் மேலே பூசினார். ஷார்ட்டான கெபாசிட்டர் சூடாகும். அதன் மேல் மட்டும் ஆல்கஹால் சட்டென்று உலர்ந்துவிடும். ஓர் இடத்தில் உலர்ந்தது. ஹாட் ஏரில் அதைக் கழற்றினார், ஷார்ட் போய்விட்டது. அட்டைப்பெட்டியிலிருந்த ஒரு போர்டிலிருந்து அதே அளவு கெபாசிட்டரை எடுத்து வைத்தார். பொருளின் விலை சொல்லும்படியாக இல்லை. வேலைக்கு 2,000 ரூபாய் கேட்டார். வாடிக்கையாளர், "ஒரு கெபாசிட்டருக்கா?" என்றார்.

கெபாசிட்டருக்கு இல்லை, அந்த ஒரு கெபாசிட்டர் எது என்று தெரிந்ததற்கு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ரிப்பேர் தொழிலின் பெரும் கேடு இங்கேதான் தொடங்குகிறது. சரியானால் காசு, ஆகாவிட்டால் ஒன்றும் தர வேண்டாம் என்பதுதான் சந்தையின் பழக்கம். கேட்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அளந்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார், வேஸ்ட்டு" என்று உண்மையைச் சொல்கிறவருக்கு ஒரு பைசா கிடையாது. எதையாவது செய்து எழுப்பிக் காட்டுகிறவருக்குக் காசு. அப்படியானால் நாம் எதற்குக் கூலி கொடுக்கிறோம்?

எழுப்பிக் காட்டும் வித்தைகள் உண்டு. மிகப் பரவலானது கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சூடு கொடுப்பது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றின் பேக்கேஜிங் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்கியது. சிலிக்கானுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய சால்டர் புள்ளிகள், சூடும் குளிருமாக மாறி மாறி விரிசல் விட்டன. ஹாட் ஏரில் சூடாக்கினால் விரிசல் தற்காலிகமாகக் கூடிக்கொள்ளும், லேப்டாப் ஓடும். சில வாரங்களில் திரும்பப் படுத்துக்கொள்ளும். சிப்புக்குக் கீழே அதைப் போர்டோடு இணைக்கும் பிஜிஏ சால்டர் உருண்டைகளை மாற்றி ரீபால் செய்தாலும் பயனில்லை, கோளாறு சிப்புக்குள்ளே இருப்பதால். பாய் இந்த வேலையை எடுப்பதில்லை. "ஒரு மாசம் ஓடும். அப்பறம் அவங்க வயிறெரிஞ்சு பேசுவாங்க. அந்தக் காசு வேணாம்" என்றார். எழுப்பிக் காட்டியே சம்பாதிக்கும் கடைகள் அதே தெருவில் இருக்கும்போது இதைச் சொல்லி நிற்பது சாதாரண காரியமில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் சொன்னார். 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சேறு படிந்த லேப்டாப்கள் மூட்டையாக வந்தனவாம். தண்ணீர் மட்டும் புகுந்தவற்றில் பலவற்றைக் கழுவி உலர்த்திக் காப்பாற்ற முடிந்தது. "ஆன் ஆவுதான்னு பாத்தேன் பாய்" என்று சொன்னவர்களுடையதை முடியவில்லை. ஈரத்தில் மின்சாரம் ஓடினால் செம்புத் தடங்கள் அரித்துப் போகும், பிராசசருக்கு அடியிலும். காபி கொட்டினாலும் இதே கதைதான்: பேட்டரியைக் கழற்றி அன்றே கொண்டுவந்தால் சேமித்துவிடலாம், அரிசிப் பானைக்குள் ஒரு வாரம் வைத்திருந்து கொண்டுவந்தால் அந்த ஒரு வாரமும் அரிப்புக்குக் கொடுத்த நேரம்.

போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. மூடியில் எந்தப் பெயர் மின்னினாலும், உள்ளே போர்டைச் செய்தது பெரும்பாலும் காம்பல், குவாண்டா போன்ற தைவான் நிறுவனங்கள். 'எல்ஏ' என்று தொடங்கினால் காம்பல், 'டிஏ0' என்றால் குவாண்டா என்று பையன் ஒருவன் எனக்குக் காட்டினான். அந்த எண்ணை வைத்துத்தான் சர்க்யூட் வரைபடத்தைத் தேட வேண்டும். நிறுவனங்கள் அதைத் தெருக் கடைக்காரருக்குக் கொடுப்பதில்லை. எங்கோ கசிந்து, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கைமாறி வருகிற வரைபடத்தில்தான் இந்தத் தெருவே வேலை செய்கிறது. கிடைக்காத மாடல் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான். பிரான்சில் 2021 முதல் லேப்டாப்பை விற்கும்போதே அது எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத்தக்கது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும். பழுதுபார்க்கும் ஆவணங்கள் கிடைப்பதும் அதில் கணக்கில் வருகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேவை மையங்களின் முகவரிகளும் வாரண்டி விவரங்களும் ஒரே இடத்தில் கிடைப்பது நல்லதுதான். பாய்க்குத் தேவை முகவரி இல்லை, வரைபடம். அதை வெளியிட வைக்கும் சட்டம் வரும்வரை, கோடிக்கணக்கான இயந்திரங்களுக்கு ஆயுள் கொடுக்கிறவர்கள் திருட்டுத்தனமாகப் படித்துத்தான் தொழில் செய்ய வேண்டியிருக்கும். இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் காற்றில் சேர்க்கும் கரியின் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே தொழிற்சாலையில் வெளியாகிவிடுகிறது. அதன் ஆயுளை ஒவ்வொரு வருஷமாக நீட்டித்துக் கொடுக்கிறவருக்கு நாடு செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை ஒரு காகிதம்.

மாலையில் ஒரு தகப்பனாரும் மகனும் வந்தார்கள். அம்பத்தூரிலிருந்து. பையன் பொறியியல் மூன்றாமாண்டு. ஏழு வருஷத்து லேப்டாப், அக்காவிடமிருந்து இவனுக்கு வந்தது. பாய் அளந்துகொண்டே போனார். பிராசசருக்கான காயிலில் மீட்டரை வைத்தார். அந்த லைன் இயல்பாகவே ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். பழகாதவர்கள் அதையே ஷார்ட் என்று நினைத்து நல்ல போர்டைக் குப்பையில் போடுவார்களாம். இது அப்படியில்லை. பிராசசருக்கு ஒரு வோல்ட்டளவில் குறைத்துக் கொடுக்க வேண்டிய மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்ச் வெடித்து, 19 வோல்ட்டையும் அப்படியே உள்ளே விட்டிருந்தது. பிராசசர் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது.

"பண்ணாதீங்க சார். போர்டு மாத்தலாம், பத்தாயிரம் ஆவும். ஆனா இது ஏழாவது ஜெனரேஷன் பிராசசர், விண்டோஸ் லெவன் ஏறாது. டென்னுக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க."

2025 அக்டோபர் 14-ஓடு அந்த ஆதரவு முடிந்தது. லினக்ஸ் போட்டு ஓட்டலாமே என்று நான் கேட்டேன். ஓடும், நன்றாகவே ஓடும், உயிரோடிருக்கும் போர்டு என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார் பாய். பத்தாயிரத்தைப் புதிதாகப் போட்டுச் செய்யத் தக்கதில்லை.

தகப்பனாரின் முகம் வாடியது லேப்டாப்புக்காக மட்டும் இல்லை. மகளின் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு உறையில் போட்டு இன்னொரு கணினியில் சொருகினார் பாய். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு அதில் இல்லை. படங்கள் அப்படியே திறந்தன. பூட்டு இருந்திருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தவர்கள் இந்த மேசையில் அழுதிருக்கிறார்கள்.

"பாத்ததுக்கு எவ்வளவு பாய்?" என்று தகப்பனார் தயங்கிக்கொண்டே கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பையன் காட்டினான்: பார்ப்பதற்கு 300 ரூபாய், வேலை செய்தால் அதில் கழித்துக்கொள்ளப்படும். போன வருஷம் ஒட்டியதாம். அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்றாலும் அவர் கிழிக்கவில்லை. பழைய உடலை 1,500 ரூபாய்க்குப் பாயே எடுத்துக்கொண்டார். திரையும் கீபோர்டும் வேறு யாருடைய லேப்டாப்புக்கோ போகும்.

புதியது வாங்க அவர்களிடம் பணம் இல்லை. கீழே ஒரு கடையில், அலுவலகங்கள் ஒப்பந்தம் முடிந்து கழித்துவிட்ட லேப்டாப்கள் கிடைக்கும் என்று பாய் கூடவே இறங்கினார். எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூன்றை மேசையில் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போது இருப்பதையும் பையனுக்குக் காட்டினார். கீல்களைத் திறந்து மூடிப் பார்த்தார். அடி மூடியைக் கழற்றச் சொல்லி, ராம் சால்டர் செய்ததா சொருகியதா என்று பார்த்தார். மேலே கீறல் விழுந்த ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னார். அதில்தான் இரண்டு ராம் இடங்களும் சொருகுவதாக இருந்தன, பேட்டரியும் வெளியே கிடைக்கிற மாடல். கடைக்காரர் 16,000 சொன்னார். பேரம் நடந்துகொண்டிருந்தது.