பெங்குவின் சிரிச்சது சிரிப்பு இல்ல, இருமல்

1/ 1966-ல அமெரிக்க டிவியில வந்த 'பேட்மேன்' சீரியல் ஞாபகம் இருக்கா? சண்டை நடுவுல திரை முழுக்க 'பவ்!' 'ஜாப்!'னு எழுத்து வருமே, அதேதான். அதுல பெங்குவின்னு ஒரு வில்லன். நடிச்சவர் மறைந்த பர்ஜெஸ் மெரிடித். அந்த வில்லனோட சிரிப்புக்குப் பின்னாடி ஒரு மருத்துவக் கதை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ பாக்காதவங்களுக்காக: உயரமான ஊதாத் தொப்பி, ஒத்தைக் கண்ணாடி, ஒட்டவெச்ச நீள மூக்கு. கையில எப்பவும் குடை, ஆனா அது மழைக்கு இல்ல, ஆயுதம். வாயில நீளமான ஹோல்டர்ல சொருகின சிகரெட். வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பார். பேச்சுக்கு நடுநடுவுல 'க்வாக்... க்வாக்... க்வாக்'னு ஒரு சிரிப்பு.

3/ மூணு சீசன், 120 எபிசோடு. பேட்மேனா வந்த ஆடம் வெஸ்ட் எதுக்கும் சிரிக்காம முகத்தை விறைப்பா வெச்சிருப்பார். அதனால கொண்டாட்டம் எல்லாம் வில்லன்கள் பக்கம்தான். ஜோக்கரா சீசர் ரொமேரோ. மீசையை எடுக்க மாட்டேன்னுட்டார், அதுக்கு மேலயே வெள்ளை மேக்கப் பூசி நடிச்சார். ரிட்லரா ஃபிராங்க் கோர்ஷின். அவரைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

4/ மெரிடித் அப்போ பெரிய நடிகர். 1939-லயே 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' படத்துல முக்கிய வேஷம். 'ராக்கி' பாத்தவங்களுக்கு அந்தக் கிழட்டு குத்துச்சண்டைக் கோச் மிக்கி தெரியும். அதுவும் இவர்தான், அதுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைச்சது. அப்படிப்பட்டவர் 58 வயசுல, குழந்தைங்க பாக்குற சீரியல்ல ஒட்டு மூக்கோட வந்து நின்னார். ஒரு கதையில பெங்குவின் மேயர் தேர்தல்ல நிப்பார், எதிர்த்து நிக்கிறது பேட்மேன்! அந்தக் கூத்தையும் முழு மனசோடதான் செஞ்சார்.

5/ இப்ப சிரிப்புக்கு வருவோம். மெரிடித் பல வருஷத்துக்கு முன்னாடியே சிகரெட்டை விட்டவர். ஆனா பெங்குவின் கையில சிகரெட் இருந்தே ஆகணும், காமிக்ஸ்லயே அப்படித்தான். பத்தவெச்சதும் புகை தொண்டையைப் பிடிக்கும், இருமல் வரும், ஷாட் கெட்டுப்போகும். இருமலை மறைக்க அவர் கண்டுபிடிச்ச வழிதான் அந்த 'க்வாக் க்வாக்'. இதை அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

6/ இருமல் எப்படி வருதுன்னு சிம்பிளா சொல்றேன். குரல்வளையிலயும் மூச்சுக்குழாய்லயும் எரிச்சலை உணர்ற நரம்பு நுனிகள் இருக்கு. புகை பட்டதும் வேகஸ் நரம்பு வழியா மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். நீங்க ஒரு மூச்சை இழுப்பீங்க, குரல்நாண்கள் இறுக்கி மூடும், உள்ளே அழுத்தம் ஏறும், சட்டுன்னு திறந்து காத்து வெடிச்சு வெளியே வரும். இது அனிச்சைச் செயல்.

7/ ஆனா முழுசா அனிச்சை இல்ல. தும்மலை விட இருமல் மேல நமக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. கொஞ்ச நேரம் அடக்கலாம், மெதுவாக்கலாம். கல்யாண வீட்டுல தாலி கட்டுற நேரத்துல இருமல் வந்தா என்ன பண்ணுவோம்? அதேதான். மெரிடித் ஒரு படி மேல போய், வர்ற இருமலைத் துண்டு துண்டா வெட்டி வாத்துச் சத்தமா வெளியே விட்டார். உலகமே அதைச் சிரிப்புன்னு எடுத்துக்கிச்சு.

8/ அந்தக் காலகட்டத்தைக் கவனிங்க. 1964 ஜனவரியில அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி, சிகரெட் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குதுன்னு அறிக்கை விட்டார். சிகரெட் பாக்கெட்ல எச்சரிக்கை கட்டாயம் ஆனது 1966 ஜனவரி 1. பேட்மேன் ஆரம்பிச்சது ஜனவரி 12. பெங்குவின் முதல்ல வந்தது ஜனவரி 19.

9/ ஆனா அந்த எச்சரிக்கை எல்லாம் குடிக்கிறவருக்குத்தான். பக்கத்துல நிக்கிறவரைப் பத்தி யாரும் பேசல. புகைபிடிக்கிற கணவர்களோட மனைவிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம்னு ஜப்பான்ல ஹிராயாமா ஆய்வு சொன்னது 1981-ல. அடுத்தவர் விடுற புகையும் நோய் தரும்னு சர்ஜன் ஜெனரல் அறிக்கை வந்தது 1986-ல. அதுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணே கிடையாதுன்னு சொன்னது 2006-ல.

10/ அதாவது, 'இந்தப் புகை எனக்கு ஒத்துக்கல'ன்னு மெரிடித் தொண்டை செட்ல சொன்னது அறிக்கைக்கு 20 வருஷம் முன்னாடி. தொண்டை எரிச்சல் புற்றுநோய்க்கு ஆதாரம் இல்ல, அது வேற இது வேற. ஆனா உள்ளே போகக் கூடாத ஒண்ணு போகுதுன்னு உடம்பு சொல்றதுக்குப் பேரும் இருமல்தான்.

11/ இப்ப கோர்ஷின். ரிட்லர் வேஷத்துக்கு எம்மி பரிந்துரை வாங்கினவர். அந்தக் கீச்சுச் சிரிப்பை இன்னைக்கும் யாரும் மறக்கல. நிஜ வாழ்க்கையில தீவிரமா சிகரெட் பிடிச்சவர். 2005-ல, 72 வயசுல இறந்தார். காரணம் நுரையீரல் புற்றுநோய், எம்ஃபிசீமா, நிமோனியா.

12/ மெரிடித் 1997-ல, 89 வயசுல போனார். கடைசிக் காலத்துல மெலனோமாங்கிற தோல் புற்றுநோயும் அல்சைமரும். 'பாத்தீங்களா, விட்டவர் 89, விடாதவர் 72'ன்னு நான் கணக்கு போட மாட்டேன். ரெண்டு பேரை வெச்சு மருத்துவத்துல எதையும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க லட்சக்கணக்கான பேரோட தரவு ஏற்கனவே இருக்கு.

13/ இதை ஏன் எழுதறேன்னா, ஓபியில தினமும் குட்டி மெரிடித்களைப் பாக்குறேன். வீட்டுக்காரர் பீடி பிடிக்கிறார், அந்தம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு இருமுறாங்க. கேட்டா, 'எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல சார், சும்மா தொண்டைக் கரகரப்பு'. வேலை இடத்துல முதலாளி பிடிக்கிறார், எதுவும் சொல்ல முடியாம பையன் கனைச்சுச் சமாளிக்கிறான். நடிகர் மறைச்சா அது கலை ஆகும். இவங்க மறைச்சா எனக்கு நோயாளியா வந்து சேருவாங்க.

14/ அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா மறைக்காம சளிப் பரிசோதனை பண்ணிக்கோங்க. காசநோயா இருக்கலாம். அரசு மருத்துவமனையில இலவசம்தான். சளியில ரத்தம், எடை குறையுது, மூச்சு வாங்குதுன்னா ரெண்டு வாரம் காத்திருக்கவே வேணாம்.

15/ ரெண்டு, உங்க பக்கத்துல ஒருத்தர் புகை பிடிச்சா 'தள்ளிப் போய்ப் பிடிங்கண்ணே'ன்னு சொல்லுங்க. முகம் சுளிப்பாங்க, பரவாயில்ல. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஒரு பழைய பேட்மேன் எபிசோடு போட்டு, பெங்குவின் 'க்வாக்'னு சொல்றப்ப காதைத் தீட்டிக் கேளுங்க. சிகரெட்டை விட்ட ஒரு மனுஷன் தொண்டை கேக்கும்.