பெரியப்பாவின் அம்பாஸடரில் பெரியம்மா

'பழைய கார் வைத்திருப்பவனுக்குப் பெண் கொடுக்கலாம். கடன் கொடுக்கக் கூடாது' என்பது ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் தீர்மானமான அபிப்பிராயம். அவரிடமே 1967 மாடல் அம்பாஸடர் மார்க் டூ இருப்பதால், அனுபவித்துத்தான் சொல்கிறார். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாஸடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பெரியப்பா அதை லட்சியம் செய்யவில்லை.

அந்தக் காரில் ஒரு ரேடியோ. இரண்டு குமிழ், நடுவே ஒரு முள், மீடியம் வேவ் மட்டும். தபாலாபீசில் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கிய காலத்து சமாசாரம். திருநெல்வேலியும் இலங்கை வானொலியும் அதில் கணீரென்று கேட்டன. அப்புறம் எல்லாரும் எஃப்.எம்.முக்குப் போய்விட்டார்கள். ரேடியோ போகவில்லை.

போன வருஷம் பெரியம்மா காலமானார். சாவியை ஆணியில் மாட்டியவர்தான், பெரியப்பா காரை எடுக்கவே இல்லை.

பரணில் ஒரு காஸெட் கிடைத்தது. 1989-ல் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனபோது, அண்ணன் தன் புது டேப் ரிகார்டரைப் பின் சீட்டில் வைத்துப் பதிந்தது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் பெரியம்மாவின் குரல். அதை எம்பி3-யாக மாற்றி, நான் ஆபீஸ் பஸ்ஸில் பாட்டுக் கேட்ட பழைய பிளேயரில் ஏற்றி, ஹெட்போனோடு பெரியப்பாவிடம் கொடுத்தேன். பத்தே விநாடி. கழற்றிவிட்டார்.

"காதுக்குள்ள வந்து பேசுறா மாதிரி இருக்குடா. அவ எப்பவும் பக்கத்து சீட்ல உக்காந்துதான் பேசுவா."

யோசித்தால் நியாயம்தான். 1930-ல் அமெரிக்காவில் ஒரு கார் ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பிற்பாடு அதுவே கம்பெனியின் பெயராகி செல்போன் வரை வந்தது. கார் ரேடியோ என்றால் வண்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே பாட்டு. 1979-ல் ஸோனியின் வாக்மேன் வந்தது; ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு உலகம். பெரியப்பா வாக்மேனுக்கு முந்தைய கட்சி.

ஆகவே பிளேயரை ரேடியோவோடு இணைக்க வேண்டும். ஒரு கார் ஆக்ஸஸரீஸ் கடையில் கேட்டேன். "டேஷ்போர்டை வெட்டி டச் ஸ்கிரீன் போட்டுடலாம் சார்" என்றான் பையன். நல்லவேளை, பெரியப்பா கூட வரவில்லை.

சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். ட்ரான்ஸ்மிட்டரும் ஆகாது. அது பாடுவது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள். இந்த ரேடியோ கேட்பதோ சுமார் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. மதுரை பஸ்ஸுக்குத் தென்காசி ஸ்டாப்பில் நிற்கிற கதை. காஸெட் வடிவ அடாப்டரும் உண்டு. அதைச் செருகக் காஸெட் வாய் வேண்டுமே!

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு பெரியவர், அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக், அகப்பட்டார். முதல் கேள்வியே, "தம்பி, பேட்டரியில எந்த முனையை பாடியோட சேத்திருக்கு?" சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அது தெரியாமல் வயர் கொடுத்தால் புகைதான் பாடும்.

பிறகு ரேடியோவைத் திறந்து வால்யூம் கன்ட்ரோலைக் காட்டினார். "மூணு கால் இருக்கா? இது எர்த். இதுல ஸ்டேஷன் சத்தம் வருது. நடுக்கால் ஆம்ப்ளிஃபையருக்குப் போகுது. ஸ்டேஷன் வர்ற காலை ஒரு ஸ்விட்ச்ல பிரிச்சு, அங்க உங்க சத்தத்தைக் கொடுத்தா போதும். வர்றது இலங்கையா உங்க பெரியம்மாவான்னு ஆம்ப்ளிஃபையருக்கு என்ன தெரியும்?"

பிளேயரில் இடது, வலது என்று இரண்டு சத்தம்; காரிலோ ஒரே ஸ்பீக்கர். இரண்டையும் தலைக்கொரு ரெஸிஸ்டர் வைத்து ஒன்றாக்கினார். ரேடியோவின் டிசி மின்சாரம் பிளேயருக்குள் புகாமலிருக்க ஒரு கெபாஸிட்டர். ரேடியோவா பிளேயரா என்று மாற்றும் அந்தக் குட்டி ஸ்விட்சையும் வயரையும் டேஷ்போர்டு பெட்டிக்குள் மறைத்தார். எங்கேயும் ஓட்டை போடவில்லை. "நாளைக்கு வேண்டாம்னா பத்து நிமிஷத்துல எடுத்துடலாம். பழைய சாமானுக்குச் செய்யற மரியாதை அதுதான்." கூடவே ஒரு எச்சரிக்கை: கார் பேட்டரியில் பிளேயரை சார்ஜ் செய்துகொண்டே கேட்காதே, டைனமோவின் முனகலும் சேர்ந்து கேட்கும்.

மறு ஞாயிறு பெரியப்பா சாவியை எடுத்தார். ராஜபாளையம் தாண்டியதும் நான் ஸ்விட்சைத் தட்டினேன். கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் அந்த ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து, "ஏங்க, லாரி வருது பாருங்க. மெதுவாப் போங்க!"

பெரியப்பா சட்டென்று பிரேக் போட்டார். எதிரே லாரி எதுவும் இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் ஏதோ திட்டினார். பெரியப்பா காதில் வாங்கவில்லை. மேற்கே மலையைப் பார்த்தபடி, கோபுரம் கண்ணில் படும்வரை முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினார். "இப்பவும் நிம்மதியா ஓட்ட விடமாட்டேங்கறா" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டில் பழைய கார் இல்லாமலிருக்கலாம். பழைய காஸெட் கட்டாயம் இருக்கும். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துப் பதிந்து வையுங்கள். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே, சார்!